அகல ரிம்

அமிர்தசாமியின் ஜீப்பை வண்டி என்று ஒப்புக்கொள்ளத் திருச்சிப் பாலக்கரையில் பாதிப் பேர் தயாராக இல்லை. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தது. கதவு கிடையாது. கூரை என்று ஒரு கித்தான். ஹாரன் இஷ்டப்பட்டால் கேட்கும். ஆனால் அதில் ஏறினவன் எவனும் நடுவழியில் இறங்கி நடந்ததில்லை, அதற்கு நான் சாட்சி. அவர் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் ஒன்பது வருஷம் குடியிருந்தவன் நான். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் எனக்கு எழுத்து வேலை.

அமிர்தசாமிக்குத் தொழில், பஸ் போகாத ஊர்களுக்கு ஆளையும் சாமானையும் கொண்டு சேர்ப்பது. துறையூர் தாண்டிப் பச்சைமலை வரைக்கும் போவார். பேச்சு குறைவு. அந்தக் குறையை அவர் மனைவி லூர்துராணி தீர்த்து வைத்துவிடுவாள். அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் எந்த நேரத்தில் எந்த ஸ்பேனர் வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். இன்னொரு கையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அப்படி ஒரு பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாசம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரு திங்கட்கிழமை காலையில், மலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவருகிற சின்னையன் ஒரு கடுதாசியோடு வந்து நின்றான். எழுதியவர் மாப்பிள்ளை பிலோமின்ராஜ். மலை மேலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இவர்களுடைய ஒரே பெண் ரோசரியை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ரோசரிக்கு எட்டு மாசம் முடிந்திருந்தது.

லூர்துராணிக்குப் படிக்க வராது. நான்தான் படித்தேன். மலைக்கு வந்த நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்கு முன்னால் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். நடக்கக் கூடாது. மாட்டு வண்டி ஆகாது, அந்தக் குலுக்கலே ஆபத்து. இந்த வாரத்துக்குள் வந்து அழைத்துப் போங்கள் மாமா என்று முடித்திருந்தார்.

"ஆத்தா மாதாவே" என்று லூர்துராணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "வண்டிய எடுங்க, இப்பவே போவோம்."

அமிர்தசாமி வண்டியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வண்டி ஒரு வாரமாகச் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஐந்து சக்கரத்தில் நான்கில் போல்ட் போகிற ஓட்டையிலிருந்து தலைமயிர் கனத்துக்கு விரிசல் ஓடியிருந்ததை அவரேதான் கண்டுபிடித்துக் கழற்றி வைத்திருந்தார். அதே அளவு ரிம் மெட்ராசிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

"விரிசல்தானே, ஒரு தடவ போய்ட்டு வரதுக்குத் தாங்காதா?" என்று கேட்டேன்.

"தாங்கும் சார். தாங்காமலும் போவும்" என்றார்.

அன்று சாயங்காலம் பழைய இரும்புக் கடை மீரான் பாய் நான்கு சக்கரங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். யாரோ எஸ்டேட்காரர் தம் ஜீப்புக்கென்று, ரிம்மை நடுவில் அறுத்து, பட்டை வைத்து, வெல்டிங் வைத்து அகலப்படுத்திய சக்கரங்கள். டயரும் அகலம். பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. அமிர்தசாமி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பாத்தியா ராணி, எவ்ளோ அகலம்! காத்தக் கொஞ்சம் கொறச்சு விட்டா மெத்தை கணக்கா போவும். பாப்பாவுக்குக் குலுங்கவே குலுங்காது." கல்யாணமாகியும் ரோசரி அவர்களுக்குப் பாப்பாதான்.

"அதெல்லாம் சரி, சக்கரம் நேரா ஓடுமா?" என்றாள் லூர்துராணி. அவளுக்கு எதையும் உடனே ஒப்புக்கொண்டு பழக்கமில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து வேலை. சக்கரத்தை மாட்டுவது இத்தனை பெரிய காரியம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாலு நட்டைப் போட்டு முறுக்குவதற்கு என்ன என்று நினைத்திருந்தேன். மீரான் பாயும் வந்து ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

அமிர்தசாமி முதலில் ஒவ்வொரு சக்கரத்தையும் முன்பக்கம் வலது பிரேக் டிரம்மில் மாட்டிச் சுழற்றிவிட்டு, ரிம் ஓரமாக ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். ரிம் சுற்றிலும் வெள்ளைக்கோடு விழுந்தால் சக்கரம் நேர். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கோணல். மூன்று சக்கரம் தேறியது. நாலாவதில் ஒரு சாண் நீளத்துக்குத்தான் கோடு விழுந்தது.

"பாய், இது ஆவாது."

"ஒரு நூல் கூட இருக்காதே டிரைவர். ரோட்டுல போறப்ப யாரு சாக்பீஸு புடிக்கப் போறா?"

"என் பொண்ணு போறா பாய்."

மீரான் பாய் எழுந்து போய் அரை மணியில் வேறொன்றைக் கொண்டுவந்தார். அந்த எஸ்டேட்காரர் ஸ்டெப்னிக்கென்று செய்துவைத்ததாம். முதலிலேயே கொண்டுவந்திருக்கலாம், வியாபாரியில்லையா! அதில் சுற்றிலும் கோடு விழுந்தது.

அடுத்தது பெயிண்ட். ரிம் டிரம்மோடு உட்காருகிற இடத்திலும், நட்டு உட்காருகிற குழியிலும் பூசியிருந்த புதுப் பெயிண்டை ஒரு பொட்டு விடாமல் சுரண்ட ஆரம்பித்தார் அமிர்தசாமி. பாய்க்குப் பொறுக்கவில்லை.

"யா அல்லா, மாப்பிள்ளைக்குப் பூசுன சந்தனம் மாதிரி இருந்துச்சு. அதப் போயி சுரண்டுறீங்களே!"

"பெயிண்ட் மேல நட்ட இறுக்கினா, ஓட ஓட பெயிண்ட் நசுங்கும். நட்டு லூசாயிரும் பாய்."

சும்மா நிற்கிறோமே என்று, இடது பக்கம் டிரம்மில், தொலையாமல் இருக்கப் போல்ட்டிலேயே திரும்ப முறுக்கி வைத்திருந்த ஒரு பழைய நட்டைக் கழற்ற நான் ஸ்பேனரை எடுத்தேன். பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த லூர்துராணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"சார், சார்! நீங்க கழட்டல, இறுக்குறீங்க. இந்த வண்டிக்கு எடப்பக்கம் மரை தலைகீழு. இப்புடித் திருப்பணும்." எழுந்து வந்து, எச்சில் தொட்ட கையால் ஒரு தட்டுத் தட்டி எதிர்ப்பக்கம் திருப்பினாள். நட்டு வந்துவிட்டது. "ஓடுற வேகத்துல தானா கழண்டுறக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் அப்புடி வச்சிருக்கான். இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தீங்க, போல்ட்டு உங்க கையோட வந்திருக்கும்."

அதற்குப் பிறகு என்னை நட்டு துடைக்க மட்டும் விட்டார்கள்.

நட்டின் கூம்புப் பக்கம் உள்ளே பார்க்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி, எதிர் எதிராக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். எல்லாம் முடித்து, ஜாக்கி மேல் நின்றபடியே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தார். சக்கரம் எங்கும் தொடவில்லை. வண்டியை இறக்கினார். தெருவே வந்து பார்த்தது. கிழட்டுக் கழுதைக்கு யானைக்கால் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருத்தன் சொன்னான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"கெளம்பலாமா?" என்றேன்.

"பத்து மைலு ஓட்டி, திரும்ப ஒரு தடவ இறுக்கணும் சார். அதுக்கு முன்னாடி ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்."

"என்னைய ஏத்தித்தான் ஆவணும்" என்றாள் லூர்துராணி. "குலுங்குதா இல்லியான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு முன்னால உக்காந்திருப்பீங்க. பாப்பா பின்னாலல்ல இருப்பா."

புதன்கிழமை காலையில் அவள் செய்த காரியம் இன்றைக்கும் பாலக்கரையில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, பின் சீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு தண்ணீர் சிந்துகிறதோ அவ்வளவு குலுங்குகிறது என்று கணக்கு. மில்லுக்குப் போக வேண்டிய நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.

காந்தி மார்க்கெட் வருவதற்குள் அரைக்குடம் போய்விட்டது. அமிர்தசாமி இறங்கி நாலு டயரிலும் கொஞ்சம் காற்றைத் திறந்து விட்டார். மார்க்கெட் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டோம். காவேரிப் பாலம் தாண்டியதும் மறுபடி இறங்கினார், மறுபடி கொஞ்சம் காற்று. ஆறு முழுக்க மணலாகக் கிடந்தது. "சீரங்கத்துக்குள்ள ஒரு சுத்து சுத்துங்க" என்று பின்னாலிருந்து உத்தரவு வந்தது. சித்திரைத் தேர் ஓடி நாலு நாள்தான் ஆகியிருந்தது. தேர்ச்சக்கரம் அழுத்திய வீதியில் பள்ளமும் மேடுமாக இருந்தது, மலைத்தடத்துக்கு ஒத்திகை பார்க்க அதைவிட இடம் கிடையாது.

வீதியில் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருமண் இட்டவர், ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார். "என்னடியம்மா இது, காவேரி வத்திப் போயிடுத்துன்னு நீயே கொண்டுவந்து விடறியா? ரெங்கனுக்குக் கைங்கரியமா?"

"எம் பொண்ணுக்கு சாமி!" என்று கத்தினாள் லூர்துராணி. "பிள்ளத்தாச்சி! மலையிலேருந்து எறக்கணும்!"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பெருமாள் கூட வருவார், போம்மா" என்று கைதூக்கினார். அந்த வீதி முழுக்க ஒரு உள்ளங்கைத் தண்ணீர்தான் சிந்தியது. அதற்குள் அவள் சேலை முழுக்க நனைந்திருந்தது. "இந்த வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கொள்ளிடம் பாலம், டோல்கேட், மண்ணச்சநல்லூர். மில் களத்தில் வண்டியை நிறுத்தியபோது பத்து மைல் ஆகியிருந்தது. அவித்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். அமிர்தசாமி ஸ்பேனரை எடுத்து நட்டுகளைத் தொட்டார். ஒவ்வொன்றும் கால் திருப்பு உள்ளே போனது. "பாத்தீங்களா சார்? இப்படியே மலைக்குப் போயிருந்தா?" என்றார்.

அதோடு விட்டிருந்தால் அவரும் சாதாரண டிரைவர்தான். மலைக்குப் போனால் எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பாரத்துக்கு மூட்டையை ஏற்றச் சொன்னார். மூன்று நெல் மூட்டை ஏற்றினோம். களத்தில் வண்டியை மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தார்.

கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

இறங்கிக் குனிந்து பார்த்தார். பாரம் ஏறியதும், வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை வளைவு நிமிர்ந்து, டயரின் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. அகல டயரின் உள்பக்கம் பட்டையில் உரசி, ரப்பர் சீவிக்கொண்டு வந்திருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஜாக்கியில தொங்கவிட்டுப் பாத்தேன். பாரம் ஏத்திப் பாக்கல. இருவது வருஷம் வண்டி ஓட்டுறேன், எம் புத்தி எங்க போச்சு? மெத்துன்னு இருக்கணும், மெத்துன்னு இருக்கணும்னு அதே நெனப்புல..." "நாலு வளைவு தாங்கும் சார். அஞ்சாவதுல டயரு கிழியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்."

லூர்துராணி அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கன வச்சே தெரிஞ்சுச்சுல்ல. என்ன பண்ணலாம், அதச் சொல்லுங்க" என்றாள்.

அவர் எழுந்தார். முன் அச்சின் இரண்டு முனையிலும், சக்கரம் இவ்வளவுதான் திரும்பலாம் என்று தடுக்கிற ஒரு போல்ட் இருக்கிறது. அதை நாலு மரை வெளியே எடுத்துப் பூட்டினார். மறுபடி மூட்டையோடு ஒடித்தார். சத்தம் இல்லை. டயருக்கும் பட்டைக்கும் நடுவில் என் விரல் போய் வந்தது. ஆனால் வண்டி இப்போது முன் மாதிரிச் சட்டென்று திரும்பாது. களத்தில் கரித்துண்டால் கோடு போட்டு, மலை வளைவின் அகலம் இவ்வளவு என்று அவர் ஞாபகத்திலிருந்து வரைந்தார். ஒரே ஒடிப்பில் வண்டி அதற்குள் திரும்பவில்லை. முன்னால் போய், நின்று, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டியிருந்தது.

"ஏழு வளைவு" என்றார். "ஏழுலயும் வெட்டி வெட்டித்தான் எடுக்கணும். எறங்குறப்ப மூக்கு பள்ளத்தப் பாத்து நிக்கும். பின்னால எடுக்கக் கிளச்ச விடுற நேரத்துல ஒரு முழம் முன்னால நழுவும். கைபிரேக்க நம்ப முடியாது."

"சக்கரத்துக்குக் கட்டை குடுத்தா?" என்று கேட்டாள் லூர்துராணி.

"குடுக்கலாம். யாரு குடுக்குறது? பள்ளத்து ஓரமா நின்னுல்ல குடுக்கணும்."

"நான் குடுக்குறேன்" என்றேன். உண்மையிலேயே சொன்னேன். லூர்துராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நல்ல மனுசருதான் சார். ஆனா அவரு கிளச்ச விடுற சத்தம் எனக்குத்தான் தெரியும். எப்ப வைக்கணும், எப்ப இழுக்கணும்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேணாம்."

"நீ நிக்காத ராணி" என்றார் அமிர்தசாமி.

"ஏன், நீங்க மாட்டுன சக்கரத்து மேல உங்களுக்கே நம்பிக்க இல்லியா?"

மில் தச்சன் புளியங்கட்டையில் ஆப்பு மாதிரி அறுத்து, இழுக்கக் கயிறு கோத்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை விடிகாலை நாலு மணிக்கே புறப்பட்டோம். நானும் லீவு போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன், ஆள் வேண்டுமே. புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் லூர்துராணி கட்டி எடுத்திருந்தாள். துறையூரில் காப்பி குடித்தோம். மலையடிவாரத்தில் இறங்கி நட்டெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினோம். வெறும் வண்டியாக ஏறும்போதே ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ரோசரியைப் பார்த்ததும் லூர்துராணி அழுதாள். ஒரு நிமிஷம்தான். பிறகு சாமைச் சோறு போட்ட மாப்பிள்ளையை, பெண்ணை இப்படியா வைத்துக்கொள்வது என்று ஒரு பிடி பிடித்தாள். பாவம், அந்த வாத்தியார் மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு தலையாட்டிக்கொண்டு நின்றார். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை கொட்டினால் தடம் சேறாகிவிடும். ரோசரியைப் பின்பக்கம் மெத்தை போட்டுச் சாய்த்து, மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, இறங்க ஆரம்பித்தோம்.

முதல் வளைவு. அமிர்தசாமி ஸ்டியரிங்கை ஒடித்து, பள்ளத்து ஓரம் வரை போய் நிறுத்தினார். லூர்துராணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றரை அடி மண், அதற்கப்புறம் மரத்தின் தலைகள்தான் தெரிந்தன. குனிந்து முன் சக்கரத்தின் கீழ் ஆப்பைத் திணித்தாள். "ம்" என்றாள். எஞ்சின் உறுமியது. வண்டி அரை விரல் முன்னால் நழுவி ஆப்பில் உட்கார்ந்து, பின்னால் நகர்ந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு அவள் ஒதுங்கினாள். வண்டி திரும்பியது.

நான் மூச்சு விட்டேன். இன்னும் ஆறு இருந்தது.

அவள் ஏறவேயில்லை. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். மூன்றாவதில், சுனை கசிந்த ஈரப்பாறையில் அவள் கால் வழுக்கியது. ஒரு கையை ஊன்றிக்கொண்டாள், இன்னொரு கை ஆப்பை விடவில்லை. "அம்மா!" என்று ரோசரி கத்தினாள். "படு நீ! எந்திரிச்சீன்னா அறைவேன்!" என்று பள்ளத்து ஓரத்திலிருந்து பதில் வந்தது. அமிர்தசாமி பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல், நேரே மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொடை நடுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். அவள் "ம்" என்று சொன்னதும் அந்த நடுக்கம் நின்றுவிடும். ஏழு வளைவிலும் அப்படித்தான். என்ன மனுஷர்கள் ஐயா அவர்கள்! நான் சேவித்த தெய்வத்துக்குச் சமமாக இரண்டு பேரை அன்றைக்கு அந்த மலையில் பார்த்தேன்.

ரோசரிக்கு என்ன ஆயிற்று என்று பதற வேண்டாம். அன்று விளக்கு வைப்பதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நாலாம் நாள் ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் எனக்கு அந்த நாளை நினைத்தால் முன்னால் வந்து நிற்பது அடிவாரம்தான்.

ஏழாவது வளைவு முடிந்து சமதரையில் வண்டி நின்றது. மழை பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. அமிர்தசாமி எஞ்சினை நிறுத்தி, கையில் ஸ்பேனரோடு இறங்கினார். நட்டைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். லூர்துராணி கட்டையும் கயிறுமாக, முழங்கால் வரை மண்ணோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அவள் தோளிலிருந்த கட்டையை இறக்கி வைத்தார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். நகம் பெயர்ந்த ஒரு விரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"பத்தும் இருக்குங்க" என்றாள் லூர்துராணி. "போயி பாப்பாவப் பாருங்க."

அவர் போகவில்லை. தெருவில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசாத அந்த மனுஷர், மகளும் மாப்பிள்ளையும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, அந்த விரலைத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.